அரச நாடகங்களை எடுப்போருக்கு: எரிக்கப்பட்ட தாள்களையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய திரைக்கதையாசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

கணவரை இழந்து துயரத்தில் மூழ்கிய ஓர் அரசியையும் அவரை விட்டு நீங்காத பணியாளரையும் பற்றிய கதை உங்களை விடாமல் ஈர்த்து வந்திருக்கிறது. 1997-இல் ஜூடி டென்ச் பிரிட்டன் அரசி விக்டோரியாவாகவும் பில்லி கானலி அவருடைய பணியாளர் ஜான் பிரவுனாகவும் நடித்த படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டுகள் கழித்து அதே நடிகை அதே அரசியாக நடித்து, ஆக்ராவிலிருந்து சென்ற இந்தியப் பணியாளர் அப்துல் கரீமுடனான நட்பைச் சொன்ன படத்தையும் பார்த்தேன். இரண்டும் அக்கறையோடு எடுக்கப்பட்டவை. ஆனாலும் இந்தக் கதையில் அரசியின் துயரம் முழுமையாகவும் பணியாளரின் வாழ்க்கை அரைகுறையாகவும் நமக்கு வந்து சேர்வது ஏன் என்ற கேள்வியை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

1861 டிசம்பர் 14 அன்று வின்ட்சர் கோட்டையில் அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் 42 வயதில் இறந்தார். அதன் பிறகு விக்டோரியா தம் எஞ்சிய நாற்பது ஆண்டுகளையும் கறுப்பு உடையிலேயே கழித்தார். கணவரின் அறையைக் கலைக்கவிடாமல், அவர் உயிரோடு இருந்தபோது செய்ததைப் போலவே நாள்தோறும் அங்கே வெந்நீர் கொண்டுபோய் வைக்கச் செய்தார். நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைக்கக்கூட 1866 வரை அவர் வரவில்லை. 1864-இன் இறுதியில், ஸ்காட்லாந்தில் அரசிக்கு இருந்த பால்மோரல் மாளிகையிலிருந்து ஜான் பிரவுன், தென் இங்கிலாந்தில் இருந்த ஆஸ்போர்ன் மாளிகைக்கு வரவழைக்கப்பட்டார். அரசியை மட்டக்குதிரையில் ஏற்றி வெளியே அழைத்துச் செல்வதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. ஸ்காட்லாந்து மலைநாட்டில் குத்தகை விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்து, வேட்டைக்கு வழிகாட்டியாக இருந்த அவர், அரசவையினரைப் போலக் குழைந்து பேசத் தெரியாதவர். அந்த வெளிப்படையான பேச்சே அரசியை மெல்ல மெல்ல வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. அதற்குக் கைம்மாறாக அரண்மனை அவரை வெறுத்தது. பத்திரிகைகள் கேலி செய்தன. அரசியையே 'திருமதி பிரவுன்' என்று ஊர் பேசியது.

நீங்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறீர்கள். அவர்களுக்கிடையே இருந்தது காதலா, நட்பா என்ற ஒரே கேள்வியைச் சுற்றிக் காட்சிகள் நகர்கின்றன. அந்தக் கேள்விக்கு நம்மால் ஏன் விடை சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கதையாகப் படுகிறது.

பிரவுன் 1883 மார்ச் 27 அன்று 56 வயதில் வின்ட்சரில் இறந்தார். அவருடைய வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட வேண்டும் என்று அரசி விரும்பினார். வின்ட்சர் தேவாலயத்தின் தலைமைக் குருவான ராண்டல் டேவிட்சன், பதவி விலகவும் தயாராக நின்று, அதைத் தடுத்தார். பிரவுன் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு அரசியின் தனிச்செயலர் ஹென்றி பான்சன்பியின் கைக்குப் போய் அழிக்கப்பட்டது. 1901-இல் அரசி இறந்ததும் கரீமிடமிருந்த அரசியின் கடிதங்கள், புதிய அரசர் ஏழாம் எட்வர்டின் ஆணையால் வின்ட்சரில் கரீமின் கண்ணெதிரிலேயே எரிக்கப்பட்டன. அரசியின் சொந்த நாட்குறிப்பையும் இளைய மகள் பியாட்ரிஸ் 111 ஏடுகளில் தம் கையால் படியெடுத்து, வேண்டாதவற்றை விட்டுவிட்டு, மூலத்தை எரித்தார். 2012 முதல் இணையத்தில் நாம் படிப்பதில் பெரும்பகுதி மகள் விட்டுவைத்த விக்டோரியாதான்.

என் தந்தை இறந்த ஆண்டில், என் தாய் பல மாதங்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை. உறவினர்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காதான் ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டி, "எழுந்து வாங்கம்மா, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போய்ப் படுங்க" என்று விடாமல் சொல்லி அவரை மீண்டும் அடுப்படிக்கும் பின்பு வாசலுக்கும் அழைத்து வந்தார். இன்று எங்கள் குடும்பத்தில் அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. பிரவுனின் கதையை நான் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்கு அதுவும் காரணம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தாள்கள் எரிக்கப்பட்டதைக் கடைசி ஐந்து நிமிடங்களுக்குரிய சோகமாக ஒதுக்காமல், கதையின் நடுவில் வையுங்கள். கரீமின் கடிதங்கள் எரிவதை 2017-ஆம் ஆண்டுப் படம் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அவர் தனியே எழுதிய நாட்குறிப்பு அந்தத் தீக்குத் தப்பி, உறவினர் கைகளில் கராச்சி வரை போய்ப் பிழைத்ததையும், பின்பு எழுத்தாளர் ஷ்ரபானி பாசு அதைத் தேடிக் கண்டதையும் ஒரு முழுக் கதையாகவே சொல்லலாம். பிரவுனைப் பொறுத்தவரை, அவருடைய சம்பளத்தையும், அரண்மனைப் பணிக்கு வந்த அவருடைய தம்பியையும், 1872-இல் அரசியை நோக்கித் துப்பாக்கி நீட்டிய 17 வயது இளைஞனை அவர் பாய்ந்து பிடித்ததற்குத் தங்கப் பதக்கமும் ஆண்டுக்கு 25 பவுண்டும் பெற்றதையும் எழுதுங்கள். இல்லாத நாட்குறிப்பின் இடத்தை முத்தக் காட்சியாலோ கிசுகிசுவாலோ நிரப்ப வேண்டாம். அது வெற்றிடம் என்பதும், வெற்றிடமாக்கியவர்கள் யார் என்பதும் பார்வையாளருக்குத் தெரியட்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 1901 ஜனவரியில் ஆஸ்போர்னில் தொடங்குங்கள் என்பேன். அரசி எழுதிவைத்த ஆணைப்படி மருத்துவர் ஜேம்ஸ் ரீட், பிரவுனின் புகைப்படத்தையும் ஒரு கற்றை முடியையும் இறந்த அரசியின் இடக்கையில் வைத்து, குடும்பத்தார் கண்ணில் படாமல் பூக்களால் மூடினார். இதை நாம் அறிவது, ரீட் எழுதிய குறிப்புகளை அவருடைய வழியினர் எரிக்காமல் வைத்திருந்ததால்தான். அடுத்த படத்தின் முதல் காட்சியில் ரீட் அந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் படங்களை நேசிக்கும் ஒரு பார்வையாளர்