பழைய ஜீப்பின் பிரேக் பைப்பைப் பார்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வருடாவருடம் புகைப் பரிசோதனை செய்யாமல் வாகன வரிப்பத்திரம் எடுக்க முடியாது. நல்ல விடயம். ஆனால் சொந்தப் பாவனை ஜீப்புகளில் பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் பிரேக் பைப் என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கல்லடியில் கராஜ் வைத்திருப்பவன் என்பதால் இது என்னை உறுத்துகிறது.

2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்ததால், கழிக்க வேண்டிய பஜரோவும் பிராடோவும் இன்னும் ஓடுகின்றன. அண்மையில் ஒரு பஜரோ வந்தது. பின்சீற்றைக் கழற்றிவிட்டு மீன்பெட்டி ஏற்றுகிற வண்டி. பெடல் இறங்குகிறது என்று அதன் சொந்தக்காரர் பிரேக் ஒயில் ஊற்றி ஊற்றி ஓட்டியிருக்கிறார். தூக்கிப் பார்த்தால், டீசல் டாங்கிக்கு மேலால் பின்சில்லுக்குப் போகும் பைப், கிளிப் பிடித்த இடத்தில் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. விரலால் அழுத்த ஒயில் கசிந்தது. வாங்கும்போது அடிப்பக்கம் புத்தம்புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்ததாம். கறளை மறைத்து விற்றிருக்கிறார்கள். இது அநியாயம்.

அந்த இரும்புப் பைப்பின் சுவர் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. மெதுவாக மிதிக்கும்போது தாங்கும். குறுக்கே பிள்ளை ஓடிவந்து ஓங்கி மிதிக்கிறபோதுதான் அழுத்தம் ஏறி வெடிக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் இருப்பதால் பாதி பிரேக் மிஞ்சும், உண்மைதான். ஆனால் காத்தான்குடி பிரதான வீதியில் மாலை நேரத்தில் பாதி பிரேக்கை வைத்து என்ன செய்வது?

அமெரிக்காவில் பனிக்கு வீதியில் உப்புத் தூவுவார்கள். 1999 முதல் 2003 வரையான ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப், ஜீப் வகைகளில் பைப் அரித்துப்போகிறது என்று முறைப்பாடுகள் வர, அரசின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்தது. தயாரிப்புக் குறைபாடு இல்லை என்று 2015இல் விசாரணையை முடித்தாலும், பழைய வண்டிகளின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள், செதில் கண்டால் பைப் தொகுதி முழுவதையும் மாற்றுங்கள் என்று எச்சரித்தது. நமக்கோ கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம். மாரியில் வெள்ளத்துக்குள்ளாலும் ஓட்டுகிறோம்.

என் தொழில்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கறள் பிடித்த துண்டை மட்டும் வெட்டி ஜொயின்ட் போடாதீர்கள். பக்கத்துத் துண்டும் அதே வயதுதான். ஏசிக் குழாயை வளைத்துப் போடவே கூடாது, செப்பு அதிர்வில் இறுகி வெடிக்கும். செப்பு நிக்கல் கலவைப் பைப் இருக்கிறது, அது கறள் பிடிக்காது. காசு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கேட்பது இதுதான்: பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறீர்கள். பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வாகனங்களுக்கும் புகைப் பரிசோதனையோடு பிரேக் பைப்பைப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். கரையோர மாவட்டங்களில் முதலில் தொடங்குங்கள்.

கராஜ் தொழிலாளி,
கல்லடி, மட்டக்களப்பு.