மீன்குஞ்சு விடுறது சரி, எதை எங்க விடுறோம்னும் பாக்கணும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நாவலப்பிட்டி பக்கத்துல ஒரு தோட்டத்துல இருக்கேன். எங்க லயத்துக்கு கீழ ஓடுற ஓடை நேரா மகாவலியில போயி சேருது. நீர்த்தேக்கத்துல மீன்குஞ்சு விட்ட செய்திய உங்க பத்திரிகையில போட்டோவோட பாத்தேன், சந்தோசம்தான், ஆனா வாசிச்சதுல இருந்து ஒரு விசயம் மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருக்கு: எத்தனை குஞ்சுன்னு போட்டிருந்தீங்க, என்ன மீனுன்னு போடல, வெளிய இருந்து வந்த மீன் ஓடையில எறங்கினா எங்க ஆத்து மீனுங்க பாடு என்ன?

மொதல்லயே சொல்லிர்றேன், நீர்த்தேக்கத்துல வளக்குற திலாப்பியா மீன் வேணாம்னு சொல்ல நான் வரல. கொத்மலை நீர்த்தேக்கத்து பக்கம் இருந்து மோட்டார் சைக்கிள்ல பெட்டி கட்டிக்கிட்டு மீன்காரர் வந்தாத்தான் எங்க புள்ளைங்க பச்ச மீனையே பாக்குதுங்க, மத்த நாள் எல்லாம் நெத்தலி, கருவாடு, இல்லாட்டி டின் மீன். கட்லா, ரோகு மாதிரி மீனுங்க தேங்கின தண்ணியில தானா இனம் பெருக்காது, ஊசி போட்டு முட்டை எடுத்து குஞ்சு பொரிக்க வச்சு வருசா வருசம் கொண்டு வந்து விடணும், அதனால விடுறதை நிப்பாட்டினா அதுவும் கொறைஞ்சு போயிரும்.

திலாப்பியா அப்படி இல்ல. அது ஆப்பிரிக்காவோட மீன், 1952ல இங்க கொண்டு வந்தது. ஆண் மீன் அடித்தரையில வாயால தோண்டி தட்டு மாதிரி குழி செய்யும், பொட்டை மீன் அதுல முட்டை போட்டு ஒடனே வாயில அள்ளிக்கும், குஞ்சு பொரிச்சு தானா நீந்துற வரைக்கும் ரெண்டு மூணு கிழமை வாயிலயே வச்சு காப்பாத்தும். அப்படி பாத்துக்கிற மீனோட குஞ்சு எவ்வளவு தப்பிப் பொழைக்கும்னு யோசிச்சு பாருங்க, அதுவும் வருசத்துல பல தடவை.

எங்க ஆத்து மீனுக்கு அந்த வசதி இல்ல. கல்லுல ஒட்டிக்கிட்டு நிக்குமே ஒரு சின்ன மீன், சிங்கள ஆளுங்க கல் பாண்டியான்னு சொல்லுவாங்க, அதுக்கு சுத்தமான கல்லும் ஓடுற தண்ணியும் வேணும். லெஹெல்லாங்கிற பெரிய ஆத்து மீன் முட்டை போடுறதும் ஓட்டத்துல கூழாங்கல்லு கெடக்குற எடத்துலதான், மேல தோட்டத்துலயும் மரக்கறி காணியிலயும் இருந்து மண்ணு கரைஞ்சு வந்து அது மேல படிஞ்சா முட்டை மூச்சு முட்டி செத்துரும். மழை விழுந்து புதுத்தண்ணி எறங்குறப்போ முட்டையோட மேல ஏறுற மீன்களை நாமளே கூடை வச்சு புடிக்கிறோம், நானும் சின்ன வயசுல புடிச்சிருக்கேன், இப்ப நெனச்சா சங்கடமா இருக்கு.

விலாங்கு கதை இன்னும் மோசம். அது இனம் பெருக்குறது கடல்ல, குட்டிங்கதான் ஆத்து வழியா மேல வரும். திருகோணமலை கடல்ல இருந்து இவ்வளவு தூரம் ஏறி வரணும்னா நடுவுல ரன்தெனிகல, விக்டோரியா, பொல்கொல்லன்னு அணைங்க நிக்குது, விக்டோரியா மட்டும் 122 மீட்டர் ஒசரம். தாத்தா கை தடிமனுக்கு விலாங்கு புடிச்ச கதைய அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கேன், நான் பாத்ததில்ல.

இப்போ என்னை எழுத வச்ச விசயத்துக்கு வர்றேன். போன மாசம் பக்கத்து லயத்து பையன், ஏழாம் வகுப்பு படிக்கிறான், பக்கெட்டோட ஓடைக்கு எறங்கி போனான். என்னடா தம்பின்னு கேட்டேன். "மாமா, டேங்க் கிளீனர் பெருசாகிருச்சு, தொட்டியில திரும்பக்கூட முடியல, பாவம், ஆத்துல விட்டா நல்லா இருக்கும்"னு சொன்னான். அவன் மேல தப்பே இல்ல, நல்ல மனசுலதான் செஞ்சான், அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல அவ்வளவுதான். டேங்க் கிளீனர்னு சொல்றது தொட்டியில பாசி திங்கட்டும்னு வளக்குற மீன், தென் அமெரிக்காவோடது. ஒடம்பு முழுக்க ஓடு மாதிரி தகடு, அதனால நீர்க்காகமோ நீர்நாயோ லேசுல திங்க முடியாது, வாயால காத்தை விழுங்கி கெட்ட தண்ணியிலயும் உசுரோட இருக்கும், ஆண் மீன் கரையில வளை தோண்டி அதுக்குள்ள முட்டைய காவல் காக்கும். ஏற்கனவே மண்ணு சரியிற எங்க ஊரு கரையில இதுங்க வளை போட்டா என்ன ஆகும்? நானும் அவனும் பஸ் ஏறி டவுனுக்கு போயி, வாங்கின கடையிலயே அந்த மீனை குடுத்தோம், கடைக்காரர் மொதல்ல வேணாம்னாரு, பையன் மொகத்தை பாத்துட்டு வாங்கிக்கிட்டாரு.

ஒரு தடவை விட்டுட்டா திரும்ப எடுக்க முடியாது சார். வெள்ளைக்காரன் தூண்டில் போட்டு விளையாட 1880கள்ல ட்ரவுட் மீனை நுவரெலியா பக்கம் கொண்டு வந்தான், அவன் போயிட்டான், ஹோர்ட்டன் சமவெளி ஓடையில ட்ரவுட் இன்னும் தானா குஞ்சு பொரிச்சுக்கிட்டு இருக்கு, அங்க மட்டுமே இருக்குற ஒரு சின்ன கூனி எறா அதுக்கு எரையாகிக்கிட்டு இருக்கு.

அதனால என் வேண்டுகோள் இதுதான். வளப்பு மீனை நீர்த்தேக்கத்தோட வச்சுக்கணும், மேல இருக்குற ஓயான்னு சொல்ற சின்ன ஆத்துலயும் ஓடையிலயும் எதையும் கொட்டக்கூடாது. தொட்டி மீன் விக்கிற கடைங்க, வேணாம்னு வர்ற மீனை திரும்ப எடுத்துக்கணும். ஆத்தோரத்து ஸ்கூல்கள்ல இதை புள்ளைங்களுக்கு ஒரு பாடமா சொல்லணும். நீங்களும் அடுத்த தடவை மீன்குஞ்சு செய்தி போடுறப்போ எத்தனை குஞ்சுன்னு மட்டும் போடாம, என்ன மீன், எந்த தண்ணியில விட்டாங்கன்னும் கேட்டு போடுங்க.

இப்படிக்கு,
நாவலப்பிட்டியில இருந்து ஒரு வாசகர்