கீப்பர் சிகிச்சைக்குப் போய்விட்டான்

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, மற்றதை அவளே உனக்குப் போன் பண்ணிச் சொல்லுவாள். உன் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் கேட்கிற ஆளா நீ! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம கோல்கீப்பர், அதுதான் கீப்பர், குடியை விடும் சிகிச்சைக்குக் கடைசியில் சம்மதித்துவிட்டான். போன திங்கட்கிழமை நானும் அவன் அக்காவும் அவனைச் சிகிச்சை மையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். முதலில் மருத்துவர் மேற்பார்வையில் குடியை நிறுத்த வைக்கிறார்கள். இத்தனை வருடம் குடித்த உடம்பு, வீட்டில் இருந்துகொண்டு சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்குப் பிறகு அங்கேயே தங்கி மூன்று மாதச் சிகிச்சை.

இவ்வளவு காலம் ஏன் இழுத்தடித்தான் தெரியுமா? குடியை விட மனம் வராதது ஒன்று. அதைவிடப் பெரிய பயம் வீடு. "உள்ளே போனால் பெனிபிட், அரசு தருகிற உதவிப்பணம் எல்லாம் வெட்டிவிடுவார்கள், வாடகை கட்ட ஆள் இருக்காது, கவுன்சில் வீட்டைப் பறித்துவிடும்" என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். குசினி மேசையில் பழுப்பு நிறக் கடித உறைகள் ஒரு கட்டு, ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்தால் கெட்ட செய்திதான் இருக்கும் என்று அவன் எண்ணம். நானும் அக்காவும் ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தோம். அவன் பயந்தது எதுவும் அதில் இல்லை.

மச்சான், இதை உனக்கு விவரமாக எழுதுவதற்குக் காரணம் உன் அத்தான். அவரும் இதே சாட்டுத்தானே சொல்கிறார்? அவருக்கு ஒழுங்காக எடுத்துச் சொல்லு.

யூனிவர்சல் கிரெடிட், அதாவது பிரிட்டனில் வேலை இல்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு தருகிற மாதப் பணம், நிற்காது. குடிக்கோ போதைப்பொருளுக்கோ தங்கிச் சிகிச்சை எடுப்பவரை, வேலை செய்யும் திறன் குறைந்தவராகக் கருத வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் வேலை தேடினாயா, எத்தனை இடத்துக்கு விண்ணப்பம் போட்டாய் என்று யாரும் நெருக்க முடியாது. அதற்காகக் கூடுதலாக ஒன்றும் தரமாட்டார்கள், ஆனால் அடிப்படைத் தொகை அப்படியே வரும். 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனியாளுக்கு 2025-26 கணக்கில் அது மாதம் 400.14 பவுண்டாக இருந்தது.

அதே பணத்தோடு வருகிற வாடகைப் பகுதியும் ஆறு மாதம் வரை தொடரும். திரும்பி வந்து அதே வீட்டில் இருக்கப் போகிறார் என்பதும், ஆறு மாதத்துக்கு மேல் ஆகாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. மையம் கொடுக்கிற கடிதத்தில் முதலிலேயே "ஒன்பது மாதம்" என்று இருந்தால், ஆறு மாதம் முடியும்வரை பொறுக்க மாட்டார்கள், தொடக்கத்திலேயே வாடகைப் பணம் நின்றுவிடும். கடிதத்தில் எவ்வளவு காலம் போட்டிருக்கிறார்கள் என்று கையெழுத்துக்கு முன்னால் பார்க்கச் சொல்லு. உன் அக்காவும் அத்தானும் சேர்ந்து ஒரே விண்ணப்பத்தில் இருப்பதால் அவர்களுக்கும் இந்த ஆறு மாதம் முக்கியம். அதற்கு மேல் ஆகும் என்றால் அவர்களைத் தம்பதியாகக் கணக்கெடுக்க மாட்டார்கள், உன் அக்கா தனியாக விண்ணப்பிக்க வேண்டி வரும்.

அப்புறம் பிப், உடல் இயலாமை உள்ளவர்களுக்கான உதவிப்பணம். கீப்பருக்குக் கால் அடிபட்டதற்காக வருகிறதே, அது. கவுன்சில் செலவில் பராமரிப்பு இல்லத்தில் தங்கினால், 28 நாளுக்குப் பிறகு அன்றாட வாழ்க்கைக்கான பகுதி நின்றுவிடும். நடமாட்டத்துக்கான பகுதி தொடரும். ஆஸ்பத்திரி என்றால் 28 நாளோடு இரண்டுமே நிற்கும். வெளியே வந்ததும் போன் பண்ணிச் சொன்னால் திரும்பத் தொடங்குவார்கள். வந்து 28 நாளுக்குள் மறுபடி உள்ளே போக நேர்ந்தால் பழைய நாள்களையும் சேர்த்தே எண்ணுவார்கள். குடி மறுபடி தொற்றிக்கொள்வது நடக்காத காரியமா? அதனால் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதில் எனக்கு மனம் ஆறவில்லை. அன்றாடப் பகுதி நின்றால் அவனைப் பார்த்துக்கொள்வதற்காக அவன் அக்காவுக்கு வருகிற கேரர்ஸ் அலவன்ஸும் நின்றுவிடும். 2025-26 கணக்கில் அது கிழமைக்கு 83.30 பவுண்டாக இருந்தது. கிழமைக்கு 35 மணி நேரம் அவனோடு கிடந்து, வேலைக்கும் போகாமல் இருந்தவள் அவள். தம்பி உள்ளே இருக்கிறான் என்பதற்காக அவளுடைய வாடகையும் மின்சாரக் கட்டணமும் நின்றா போகும்? அவன் திரும்பி வரும்போது அவனைத் தாங்க அவள்தான் இருக்க வேண்டும். விதி எழுதியவர்கள் அக்கா போன்ற ஆள்களை நினைக்கவே இல்லை. அவள் கோபப்படவும் இல்லை, "அவன் நல்லபடி வந்தால் போதும்" என்கிறாள். எனக்குத்தான் கொதிக்கிறது.

சட்டத்தின் இன்னொரு பக்கமும் இப்படித்தான். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ் மதுவுக்கு அடிமையாவது மட்டும் ஊனமாகக் கருதப்படாது. குடியால் ஈரல் கெட்டாலோ மனச்சோர்வு வந்தாலோ அது கணக்கில் வரலாம். அவனுடைய பழைய முதலாளி இந்த ஓட்டைக்குள்தான் நின்றுகொண்டு அவனை வீட்டுக்கு அனுப்பினார்.

இன்னொரு கவலையும் இருக்கிறது, அதை அவன் முன்னால் பேசவில்லை. மூன்று மாதப் பணம் வங்கியில் சேர்ந்து கிடக்கும்போது வெளியே வருகிறான் என்று வை. கையில் முழு மாதப் பணமும் வருவது சாதாரண ஆளுக்கே சோதனை. அதனால் வாடகையை வீட்டுச் சொந்தக்காரருக்கே நேராக அனுப்பும்படி கேட்டோம். யூனிவர்சல் கிரெடிட்காரருடைய வழிகாட்டியிலேயே இந்த ஏற்பாட்டுக்கான முதல் வரிசைக் காரணங்களில் குடிப் பிரச்சினையும் ஒன்று. மாதாமாதம் முழுத் தொகையாகத் தராமல், பிரித்துத் தரும்படியும் கேட்கலாம். கேட்டால்தான் உண்டு.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை, போவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவது. கீப்பரின் விரல்கள் நடுங்கியதால் போனில் எழுத்து மாறி மாறி விழுந்தது. ஜர்னலில், அதாவது யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பக்கத்தில், அவன் சொல்லச் சொல்ல அக்காதான் தட்டினாள்: எந்தத் திகதி போகிறேன், எவ்வளவு காலம், திரும்பி இதே வீட்டுக்கு வருவேன். "வருவேன்" என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். மையத்தின் கடிதத்தையும் மருத்துவச் சான்றையும் அதிலேயே ஏற்றிவிட்டோம். இதற்குப் பிறகும் யாராவது பணத்தை நிறுத்தினால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். உறையைப் பிரிக்காமல் வைத்தால் அந்த மாதம் ஓடிவிடும்.

அத்தானிடம் நீ நேரடியாகச் சொல்லாதே, உன்னோடு சண்டைக்கு வருவார். என் நம்பரைக் கொடு, நான் கீப்பரின் கதையைச் சொல்கிறேன். முதல் கொஞ்ச நாள் யாரையும் பார்க்க விட மாட்டார்களாம், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போகலாம். நீ ஒரு நாள் ரயில் ஏறி வா. அந்தப் பழைய ஃபுட்போல் பெனால்டி கதையை மட்டும் அவன் காதில் போடாதே, இப்போது வேண்டாம்.

கீப்பருடைய அக்காவின் விஷயமாக வேறு ஏதாவது உதவி கேட்க முடியுமா என்று, இலவசமாக ஆலோசனை சொல்கிற சிட்டிசன்ஸ் அட்வைஸில் நேரம் எடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை போகிறோம். என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்