பெட்டி மாவு கேக்கிற்கு வீட்டுப் பாகு

காட்பாடி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகள் மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கியதையும், பேத்தியின் பிறந்தநாள் கேக்கை நீயே செய்யப்போவதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். வெயில்தான் 40 டிகிரியைத் தாண்டி வாட்டுகிறது.

பெட்டியில் விற்கும் சாக்லேட் கேக் மாவில் வீட்டுச் சுவை வருமா என்று தயங்கியிருந்தாய். மைதா, சர்க்கரை, கோகோ, சோடா எல்லாவற்றையும் அவர்கள் அளந்து கலந்துதான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை. ஊற்றச் சொல்லும் தண்ணீரில் பாதியை மட்டும் வெதுவெதுப்பான டிகாஷனாக மாற்றிக்கொண்டால், காப்பி வாசம் தூக்கலாகத் தெரியாமல் கோகோவின் மணம் அழுத்தமாக எழும்.

என் கருத்தில் அந்த மாவின் குறை, தித்திப்பு மிகுந்திருப்பது ஒன்றே. அதன் தலையில் பால் விட்டுக் குழைத்த சர்க்கரையையும் ஊற்றினால் இரண்டாவது துண்டை யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே மேலே ஊற்றும் பாகில் கசப்போ உப்போ சற்று இருந்தாக வேண்டும். ஒரு கோப்பை பொடித்த சர்க்கரையுடன் இரண்டு மேசைக்கரண்டி கோகோவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துச் சலித்து, சூடான கெட்டி டிகாஷனை இரண்டு மூன்று மேசைக்கரண்டி சிறிது சிறிதாக விட்டு, ஒரு தேக்கரண்டி வெண்ணெயுடன் குழைத்தால் எளிய பாகு தயார். இதைக் கேக் இளஞ்சூடாக இருக்கும்போதே, குச்சியால் ஆங்காங்கே குத்திவிட்டு ஊற்று. மக்கன் பேடா ஊறும் ஆற்காட்டில் இருப்பவளுக்குப் பாகு உள்ளிறங்கும் பக்குவத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பனைவெல்லப் பாகு. அரைக் கோப்பை பனைவெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அரைக் கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலும் இரண்டு மேசைக்கரண்டி கோகோவும் உப்பும் சேர்த்து, கரண்டியின் முதுகில் படியும் வரை சிறு தீயில் கிளற வேண்டும். பசும்பாலை வெல்லத்தோடு கொதிக்கவைத்தால் திரிந்துவிடக்கூடும் என்பதால்தான் தேங்காய்ப்பால். கம்பிப் பதத்திற்கு விட்டுவிடாதே. ஆறியதும் இறுகிக் கேக்கைவிட்டுப் பெயர்ந்து வரும். 1930களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் டஃப் நிறுவனத்தார் முதன்முதலாகக் கேக் மாவைப் பெட்டியில் அடைத்ததே, தங்களிடம் மிஞ்சிய மொலாசஸ் என்னும் கரும்புப் பாகை உலர்த்தி மாவோடு கலந்துதானாம். வெல்லத்திற்கும் இந்தப் பெட்டிக்கும் உறவு பழையதுதான்.

சாக்லேட்டைக் கிரீமில் உருக்கி ஊற்றும் கனாஷைப் பற்றியும் கேட்டிருந்தாய். சரிபாதி எடையில் இரண்டையும் கலக்கும் அளவு நம் ஊர் மே மாதத்திற்கு ஒத்துவராது. சாக்லேட்டிலுள்ள கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியிலேயே உருகிவிடும்; நம் கூடத்தின் சூடே அதற்குக் குறைவில்லை. இரண்டு பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் எடுத்து, அட்டை டப்பா கிரீமில் கொழுப்புக் குறைவு என்பதால் கொதிக்கவிடாமல் சூடாக்கி மட்டும் ஊற்று. காம்பவுண்ட் சாக்லேட் என்று கேட்டு வாங்கினால் அதில் தாவரக் கொழுப்பு இருப்பதால் வெயிலைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் சுவை ஒருபடி கீழேதான். கேக் முழுதும் ஆறிய பிறகே இதை ஊற்ற வேண்டும். பிறகு குளிர்பெட்டியில் அரைமணி நேரம் இருக்கட்டும்.

பேத்திக்குக் காப்பி கொடுக்கக்கூடாது என்று மருமகள் சொன்னால் பனைவெல்லப் பாகையே வைத்துக்கொள். வாங்கியது முட்டை சேர்க்கும் மாவா, சேர்க்காததா என்பதையும், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் எழுது. பாகின் அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதி