சேணம் பூட்டிய டைனோசரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அறிவியல் நண்பர்களே,

வணக்கம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பீட்டர்ஸ்பர்க்கில், பைபிளின் படைப்புக் கதையை அப்படியே நடந்த வரலாறாகக் காட்டும் படைப்பு அருங்காட்சியகத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நீங்கள் உடனே எடுத்து நீட்டுவது ஒரே படத்தைத்தான்: முதுகில் சேணம் பூட்டிய டைனோசர். திறந்த புதிதில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதற்காக வைத்தது அது. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் (இமோஜி), "இந்தக் காலத்திலுமா" என்று நாலு வரி. நானும் உங்கள் கட்சிதான். பூமியின் வயது ஆறாயிரம் ஆண்டு என்பதையோ, பைபிள் கதையில் பெருவெள்ளத்திலிருந்து உயிர்களைக் காத்த நோவாவின் பேழையில் டைனோசர் குட்டிகளும் ஏறின என்பதையோ நான் ஏற்கவில்லை. ஆனால் இத்தனை ஆண்டு சிரித்ததில் யாருக்கு லாபம் என்று பார்த்தால் நமக்கு இல்லை.

2007 மே 28 அன்று அது திறந்தது. செலவு 2.7 கோடி டாலர், அத்தனையும் நன்கொடை. வாசலில் எதிர்ப்பாளர்கள் கூடினார்கள். "பொய் சொல்லாதிருப்பாயாக" என்று பைபிள் கட்டளை பாணியில் பதாகை கட்டிய சிறு விமானம் ஒன்று மேலே வட்டமடித்தது. நல்ல கிண்டல்தான், மறுக்கவில்லை. உலகம் முழுக்கச் செய்தியானது. அந்த விளம்பரத்துக்கு அருங்காட்சியகம் ஒரு சென்ட்கூடச் செலவழிக்கவில்லை.

அப்புறம் 2014 பிப்ரவரி 4. அறிவியல் தொலைக்காட்சி புகழ் பில் நையும், அருங்காட்சியகத்தை நிறுவிய கென் ஹாமும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே படைப்பா பரிணாமமா என்று விவாதம் நடத்தினார்கள். போக வேண்டாம் என்று பில் நையிடம் முன்கூட்டியே சொன்ன அறிவியலாளர்கள் உண்டு. உங்கள் மனதை எது மாற்றும் என்று கேட்டபோது, சான்று என்றார் நை. தன் நம்பிக்கையை எதுவும் மாற்றாது என்றார் ஹாம். அன்றைக்கு நை ஜெயித்துவிட்டார் என்று நாம் கொண்டாடினோம். அந்த மாதமே ஹாம் இன்னொன்றை அறிவித்தார்: நோவாவின் பேழையை மரத்தில் கட்டிக் காட்டும் திட்டத்துக்கான கடன் பத்திரங்களுக்கு அந்த விவாதத்தால் கிடைத்த விளம்பரம் கைகொடுத்தது, வேலை தொடங்கப் போகிறது என்று. 2016 ஜூலையில் அதே மாநிலத்தின் வில்லியம்ஸ்டவுனில் 510 அடி நீள மரப்பேழை திறக்கப்பட்டது. விவாதத்தில் ஜெயித்தது யார் என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வேலை செய்த எதிர்வினையும் ஒன்று உண்டு. 2008 இறுதியில், பக்கத்து நகரமான சின்சினாட்டியின் உயிரியல் பூங்காவும் இந்த அருங்காட்சியகமும் சேர்ந்து கிறிஸ்துமஸ் காலக் கூட்டு நுழைவுச்சீட்டு ஒன்றை அறிவித்தன. மக்கள் பூங்காவுக்கு எழுதித் தள்ளினார்கள். ஓரிரு நாளில் பூங்கா விலகிக்கொண்டது. எழுதியவர்கள் அருங்காட்சியகத்தை மூடச் சொல்லவில்லை. பொதுமக்களின் வரிப்பணமும் பெறும் ஓர் அறிவியல் நிறுவனம் அதற்குத் தன் பெயரை இரவல் தரலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். குறி சரியாக இருந்தது.

அதே குறி பேழை விஷயத்திலும் இருந்தது. சுற்றுலா ஊக்கத்திட்டத்தின் கீழ், வசூலாகும் விற்பனை வரியில் 1.8 கோடி டாலர் வரை திருப்பித் தருவதாக இருந்தது கென்டக்கி மாநிலம். வேலைக்கு ஆள் எடுப்பதில் மதம் பார்ப்பதைக் காரணம் காட்டி 2014 இறுதியில் மறுத்தது. 2016 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் பேழையின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சண்டை போட வேண்டிய இடம் அதுதான். சொந்தக் காசில், சொந்த நிலத்தில் ஒருவர் எதை நம்பினாலும் கட்டிக்கொள்ளட்டும். பொதுப்பணம் போனால் கேளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வகுப்பு நேரத்தில் அங்கே கூட்டிப்போனால் கேளுங்கள். படைப்பு அறிவியலைக் கற்பிக்கச் சொல்லி அரசுப் பள்ளிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது.

சரி, உள்ளே போகும் குடும்பங்களை என்ன செய்வது? மனிதனைக் கடவுள் இன்றைய வடிவிலேயே, கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் படைத்தார் என்று 2019-ல் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் சொன்ன அமெரிக்கர்கள் 40 சதவீதம். அத்தனை பேரையும் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம், அவ்வளவுதான். கிறிஸ்தவர்கள் எல்லோரும் இப்படி என்று எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996-லேயே சொன்னவர் போப் இரண்டாம் ஜான் பால்.

அருங்காட்சியகத்தின் உண்மையான வாதம் சேணத்தில் இல்லை. நுழைந்ததும் ஒரு காட்சி வரும். இரண்டு ஆய்வாளர்கள் ஒரே டைனோசர் எலும்பைத் தோண்டுகிறார்கள். ஒருவர் பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்திலிருந்து தொடங்குகிறார், மற்றவர் மனித அறிவிலிருந்து. சான்று ஒன்றுதான், தொடக்கப்புள்ளிதான் வேறு என்கிறது அந்தக் காட்சி. கெட்டிக்கார வாதம். ஒரு தகப்பன் தன் மகளிடம் "அவர்களுக்கு அவர்கள் கண்ணாடி, நமக்கு நம் கண்ணாடி" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம். உங்கள் சிரிப்புப் பொம்மை இதற்குப் பதில் ஆகாது.

பதில் அந்தக் கட்டடத்துக்கு அடியிலேயே கிடக்கிறது. சின்சினாட்டி சுற்றுவட்டாரப் பாறைகள் சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலடியில் படிந்தவை. சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கடுக்காக இருக்கும். சாலைக்காக வெட்டிய மேடுகளிலேயே பிராக்கியோபாட் என்ற சிப்பி போன்ற உயிரிகளும், கூட்டமாக வாழும் பிரையோசோவா என்ற சிறு கடலுயிரிகளும் புதைபடிவங்களாகக் கொட்டிக் கிடக்கும். இவை எல்லாம் ஒரே ஆண்டு ஜலப்பிரளயத்தில் படிந்தவை என்பது அருங்காட்சியகத்தின் விளக்கம். அப்படியானால் சில அடுக்குகளின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். கடலடிச் சேறு முதலில் கல்லாக இறுகியிருக்கிறது. இறுகிய கல்லில் உயிரினங்கள் துளை போட்டிருக்கின்றன. அதன்மேல் பிரையோசோவாக்கள் ஒட்டிக் கூட்டம் கூட்டமாக வளர்ந்திருக்கின்றன. அப்புறம்தான் அடுத்த சேறு வந்து மூடியிருக்கிறது. இப்படி ஒரு தளம் மட்டும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. உலகையே புரட்டிப் போடும் வெள்ளத்துக்கு நடுவே இதற்கெல்லாம் நேரம் எங்கே? இதைப் பார்க்க எந்தக் கண்ணாடியும் வேண்டாம், ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

அருங்காட்சியகம் இருக்கும் அதே பூன் கவுண்ட்டியில்தான் பிக் போன் லிக் பூங்காவும் இருக்கிறது. உப்பு ஊற்றுகளைத் தேடி வந்த மாஸ்டோடான், மாமத் என்ற அழிந்துபோன யானை இனங்களின் எலும்புகள் கிடைத்த இடம். ஓர் இனம் அடியோடு அழியும் என்பதை நம்பாதவர் தாமஸ் ஜெஃபர்சன். மேற்கே எங்காவது அந்த மிருகங்கள் உயிரோடு திரியும் என்று எதிர்பார்த்தவர். ஜனாதிபதியாக இருந்தபோதே, 1807-ல் நாடாய்வுப் பயணி வில்லியம் கிளார்க்கை இங்கே தோண்ட அனுப்பினார். உயிரோடு ஒன்றும் அகப்படவில்லை. இந்தக் கதையைச் சொல்ல அந்தப் பூங்காவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நம்மில் எத்தனை பேர் யாரையாவது அங்கே கூட்டிப்போயிருக்கிறோம்?

அதனால் ஒரு கோரிக்கை. சின்சினாட்டி பக்கம் இருப்பவர்கள், அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த உங்கள் அக்கம்பக்கத்துக் குடும்பம் எதையாவது ஒரு சனிக்கிழமை ஷாரன்வில்லில் உள்ள டிராம்மெல் புதைபடிவப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். பொறுக்கிய புதைபடிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கொஞ்சம் தள்ளிப் போக முடியுமானால் சீசர் கிரீக் ஏரி. அங்கே முதலில் பார்வையாளர் மையத்தில் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், சுத்தியல் உளிக்கு இடமில்லை, உள்ளங்கையில் அடங்குவதை மட்டும்தான் எடுக்கலாம். போகிற வழியில் டைனோசர் பேச்சை எடுக்காதீர்கள். இந்தப் பாறைகளில் டைனோசரே கிடையாது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்