யோசேப்பு முகம் கழுவிய அறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வருஷம் நீ போனில் "கவுன்சிலரைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன் அப்பா" என்றபோது, "அதெல்லாம் எதற்கு, நன்றாக ஜெபம் பண்ணு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜெபத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் நான் அப்படிச் சொல்லவில்லை. அங்கே போய் என்னைப் பற்றி என்ன சொல்லுவாயோ என்ற பயத்தில் சொன்னேன்.

உனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். உன் கையிலிருந்து தட்டு விழுந்தது, நான் ஓடிவந்து கத்திய கத்தலில் நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாய், தட்டு சுற்றிச் சுற்றி அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. அந்த முகம் எனக்கு மறக்கவே இல்லை, ஏனென்றால் அது என் முகம். உன் தாத்தா குடித்துவிட்டு வரும் ராத்திரிகளில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் நுழைந்து நான் அப்படித்தான் கிடப்பேன். உன் அம்மாவிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை.

எட்டு மாதமாக நானும் வாராவாரம் தெரபிக்குப் போகிறேன். முதல் சில வாரம் முதுகுவலியைப் பற்றித்தான் பேசினேன். அப்புறம் ஒருநாள் தட்டு விழுந்ததைச் சொன்னேன். "அந்தச் சத்தம் இப்போது உடம்பில் எங்கே தெரிகிறது?" என்று தெரபிஸ்ட் கேட்டார். பிடரியில் என்றேன். மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம்பருப்பு மாதிரி ஒன்று இருக்கிறதாம், ஆபத்து என்றால் மணி அடிப்பது அதுதான். பயந்தே வளர்ந்த பிள்ளைக்கு அந்த மணி சின்னச் சத்தத்துக்கும் அடித்துவிடும், 'இது வெறும் தட்டுதானே' என்று புத்தி வந்து சொல்வதற்குள் உடம்பு சண்டைக்குத் தயாராகிவிடும். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை பாப்பா. பயந்தது என் தப்பில்லை, அந்தப் பயத்தை உன் மேல் இறக்கியது என் தப்பு.

இப்போது மணி அடித்தால் கால் இரண்டையும் தரையில் அழுத்திக்கொண்டு, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கண்ணில் படுகிற ஐந்து பொருளைப் பெயர் சொல்லிப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. ஆனால் உதவுகிறது.

சபையில் ஒரு பெரியவர் ரொம்ப காலத்துக்கு முன்னால், "பெற்ற தகப்பன், மன்னித்து மறந்துவிடு" என்றார். நானும் மன்னித்துவிட்டேன் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த வருஷம்தான் பைபிளில் யோசேப்பின் கதையை நிதானமாக வாசித்தேன். சொந்த அண்ணன்மாரே அவனை அடிமையாக விற்றபோது அவனுக்கு 17 வயது. எகிப்து ராஜா பார்வோன் முன்னால் நின்றபோது 30, அப்புறம் விளைச்சல் ஏழு வருஷம், பஞ்சத்தில் இரண்டு வருஷம். ஆக 22 வருஷம் கழித்துத்தான் 'நான் யோசேப்பு' என்று அண்ணன்மாரிடம் வாய் திறக்கிறான். அதற்கு முன்னால் இரண்டு தடவை அவர்களை விட்டு ஒதுங்கிப் போய் அழுகிறான், ஒரு தடவை அறைக்குள் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வெளியே வருகிறான். அவன் மன்னித்ததைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அந்த முகம் கழுவினதைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை. கர்த்தர் அவனை அவசரப்படுத்தவே இல்லையே. அதை வாசித்த அன்றைக்குத்தான் தாத்தாவை நினைத்து முதல் தடவையாக அழுதேன். அதுவும் ஜெபம்தான் என்று இப்போது நம்புகிறேன்.

அதனால் என்னை மன்னித்துவிடு என்று உன்னை நெருக்க மாட்டேன். கவுன்சிலரிடம் என்னைப் பற்றி எதைச் சொல்லத் தோன்றுகிறதோ சொல், எதையும் குறைத்துச் சொல்லாதே. என்றைக்காவது நானும் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடு, வருகிறேன். தோன்றாவிட்டாலும் சரி.

போன வாரம் சமையலறையில் ஒரு மூடி விழுந்து உருண்டது. உன் அம்மா சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து எடுத்து வைத்தேன்.

அப்பா