பேரனை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாயே

நிஷிகசாய், டோக்கியோ
நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் பேரன் கவினை உன்னிடமே அனுப்பச் சொல்கிறாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்குக் குரல் தழுதழுக்கிறது, எனக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படித்துவிட்டு அத்தைக்கும் படித்துக் காட்டு. "பால்குடி மறக்காத பிள்ளையை யாரோ ஒருத்தி கையில கொடுத்துட்டு வேலைக்குப் போறா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது அவர்தானாம்.

இங்கே பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் முக்கால்வாசி எங்கள் வீடு மாதிரிதான் அம்மா. அப்பா, அம்மா, ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். எங்கள் குடியிருப்பில் பாட்டி தாத்தா கூட இருக்கிற வீடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. 1986இல் ஜப்பானில் 100 வீட்டுக்கு 15 வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து இருந்ததாம். 2022 கணக்கில் 4 வீடுகூடத் தேறவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீடே குறைந்துவிட்டது. அன்று 100க்கு 46, 2022இல் 18. போன வருஷம் நாடு முழுக்கப் பிறந்த குழந்தைகள் 7 லட்சத்துக்கும் கீழே. கவினைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனால் வயதானவர்கள் நின்று கொஞ்சிவிட்டுத்தான் போகிறார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கு வடக்கே யாமகத்தா. கூட்டுக் குடும்பம் இன்னும் அதிகம் இருப்பது அந்தப் பக்கம்தான். அவளை வளர்த்தது அவள் பாட்டி. ஆனால் அவள் பிள்ளையை வளர்க்க அவள் அம்மாவால் வரமுடியாது. அறுபதைத் தாண்டியும் அந்த அம்மா வேலைக்குப் போகிறார். பிரசவத்துக்கு மட்டும் தாய்வீடு போய் வந்தாள். ஆமாம் அம்மா, அந்த வழக்கம் இவர்களிடமும் இருக்கிறது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு ரயிலேறி வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு புருஷன், பெண்டாட்டி, காப்பகம்.

இந்தக் காப்பகத்தை ஹொய்குஎன் என்பார்கள். பிடித்த இடத்தில் பணம் கட்டிச் சேர்க்க முடியாது. வார்டு அலுவலகத்தில் விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. அப்பா அம்மா இரண்டு பேரும் முழுநேர வேலை என்றால் நல்ல மதிப்பெண். அலுவலகத்திலிருந்து சான்றிதழ், வாரத்துக்கு எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி நேரம், எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். சில ஊர்களில் அறுபத்தைந்து வயதுக்குட்பட்ட பாட்டி வீட்டிலேயே இருந்தால் மதிப்பெண் குறைந்துவிடும். நம் ஊரில் பாட்டி இருப்பது பாக்கியம், இங்கே மைனஸ் மார்க்! இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்தால் குளிர்காலத்தில் முடிவு வரும், ஏப்ரலில் சேர்க்கை. 2017இல் நாடு முழுக்க 26,000 குழந்தைகளுக்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது அது 3,000க்கும் கீழே வந்துவிட்டது. புதிதாகக் காப்பகங்கள் கட்டியது பாதிக் காரணம், பிள்ளைகள் குறைந்தது மீதிக் காரணம்.

கட்டணம் பற்றி அப்பா கேட்டார். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வகுப்பு வரை 2019 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இலவசம். அதற்குக் கீழே என்றால் பெற்றோர் கட்டும் வரியைப் பொறுத்துக் கட்டணம். டோக்கியோவில் இந்த செப்டம்பரிலிருந்து முதல் குழந்தைக்கும் அதை எடுத்துவிட்டார்கள். ஆக, எங்களுக்கு இப்போது கட்டணமே இல்லை.

கைக்குழந்தையாக இருந்தபோது கவினை ஒரு அம்மாள் வீட்டில் விட்டோமே, நினைவிருக்கிறதா? எங்கள் எடோகாவா வார்டில் அது வெகுகாலமாக இருக்கும் ஏற்பாடு. வார்டே பார்த்து அனுமதி கொடுத்த பெண்கள், தங்கள் வீட்டிலேயே இரண்டு மூன்று கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். அத்தை சொல்லும் அந்த "யாரோ ஒருத்தி" இன்றைக்கும் கடைத்தெருவில் கவினைப் பார்த்தால் ஓடிவந்து தூக்கிக்கொள்கிறார்.

இப்போது காப்பகத்தில் அவன் ஒரு வயது வகுப்பு. ஆறு குழந்தைக்கு ஒரு ஆசிரியை என்பது சட்டம். கைக்குழந்தை என்றால் மூன்றுக்கு ஒருவர். காலையில் எழுந்ததும் காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும், ராத்திரி என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், வெளிக்குப் போனானா என்று எல்லாம் எழுத வேண்டும். சாயங்காலம் அவர்கள் பதில் எழுதியிருப்பார்கள். நேற்றைய குறிப்பு இது: "மதியம் சாதம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். கீரையைப் பக்கத்துப் பையனின் தட்டில் வைத்தான். பூங்காவில் ஓக் காய் பொறுக்கி, ஒன்றை எனக்கும் கொடுத்தான்." மதியம் தூங்கும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு வருகிறதா என்று பார்த்து அட்டவணையில் குறிக்கிறார்கள். சாப்பாடு அங்கேயே சமைக்கிறார்கள். மாடும் பன்றியும் வேண்டாம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டோம், அந்த நாட்களில் மீனோ டோஃபு என்கிற சோயாக் கட்டியோ வைக்கிறார்கள். பூகம்பம் பற்றிக் கவலைப்படாதே, மாதா மாதம் அதற்குப் பயிற்சி உண்டு. சின்னதுகளை ஒரு பெரிய தள்ளுவண்டியில் நிற்கவைத்து, தலைக்குப் பஞ்சுத் தொப்பி மாட்டி வெளியே கொண்டுபோகிறார்கள். அதைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும்.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு டயப்பரிலும் பெயர் எழுத வேண்டும். காய்ச்சல் 37.5ஐத் தொட்டால் போன் வந்துவிடும், மீட்டிங்கா கீட்டிங்கா என்றெல்லாம் கேட்க முடியாது. அந்த போன் எப்போதும் அம்மாவுக்குத்தான் வருகிறது, அப்பாவுக்கு வருவதில்லை. அவர் நம்பரை முதலில் எழுதிக் கொடுத்தும் எனக்கே அடிக்கிறார்கள்! குழந்தை பிறந்தபோது உன் மாப்பிள்ளை ஒரு மாதம் விடுப்பு எடுத்தார். போன வருஷக் கணக்கில் பத்தில் நாலு அப்பாக்கள் விடுப்பு எடுத்திருக்கிறார்கள், பத்து வருஷத்துக்கு முன் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். மாறுகிறது, ஆனால் சைக்கிளில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று உட்காரவைத்து மழைக்கோட்டோடு மிதித்துப் போவது பெரும்பாலும் பெண்கள்தான். முதல் பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிடுவது இங்கே வெகுநாள் வழக்கம். இப்போது பத்தில் ஏழு பேர் விடுவதில்லை. நானும் விடப்போவதில்லை அம்மா.

கவினை உன்னிடம் அனுப்புவதும் இல்லை. அவனைப் பார்க்காமல் எங்களால் இருக்க முடியாது, காரணம் அவ்வளவுதான். நீதான் வர வேண்டும். தொண்ணூறு நாள் விசா வாங்கலாம், மார்ச்சில் வந்தால் குளிரும் குறைந்திருக்கும்.

ஒரு வேலை இருக்கிறது. காப்பகத்தில் முன்கூட்டியே பதிவு செய்த ஆளிடம்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள். பாட்டி என்று நீ சொன்னால் போதாது. சாயங்காலம் நீயே போய்க் கூட்டிவர வேண்டுமானால் உன் போட்டோ கொடுக்க வேண்டும். அப்பாவை எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பு. ரேஷன் கார்டில் இருக்கும் பழைய போட்டோ வேண்டாம், அதில் நீ யாரோ மாதிரி இருக்கிறாய். பெரிய பொட்டும் மூக்குத்தியுமாகவே எடுத்துக்கொள், இங்கேயும் அப்படித்தானே வந்து நிற்கப்போகிறாய்.

அன்புடன்,
செல்வி